விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

கனடா விசா ஃபைலில் பொய்த்தகவல் இருப்பதாக அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் எடுத்த எடுப்பில் தடை போட்டுவிட முடியாது. முதலில் ஒரு கடிதம் அனுப்பியாக வேண்டும். 'ப்ரொசீஜுரல் ஃபேர்னஸ் லெட்டர்' என்பது அதன் பெயர். தொழிலில் இருப்பவர்கள் பி.எஃப்.எல். என்பார்கள். உங்கள் விண்ணப்பத்தில் இன்ன விஷயம் உண்மையில்லை என்று நினைக்கிறேன், இத்தனை நாளுக்குள் பதில் சொல்லுங்கள் என்பதுதான் அதில் இருக்கும். 7 நாளும் தருவார்கள், 10, 15, 30 நாளும் தருவார்கள். நாள் கணக்கு கடிதத்தின் தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் திறந்து படித்த தேதியிலிருந்து அல்ல.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, பாம்பன், தங்கச்சிமடம் என்று இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்திலிருந்து போகும் ஃபைல்களுக்கு முதல் ஆபத்து இங்கேதான். ஏஜெண்ட் தன் ஈமெயிலைக் கொடுத்துக் கணக்கைத் திறந்திருப்பார். கடிதம் அவருக்குத்தான் போகும். நல்லவர் என்றால் அன்றே கூப்பிட்டுச் சொல்வார். இல்லாவிட்டால், "ப்ராசஸ்ல இருக்கு தம்பி, வெயிட் பண்ணுங்க" என்ற பதிலிலேயே பத்து நாள் கழிந்துவிடும். பதில் போகாத ஃபைலில் அதிகாரியின் சந்தேகம் அப்படியே முடிவாகிவிடும்.

அதனால் விண்ணப்பம் போன அன்றைக்கே ஆன்லைன் கணக்கின் பயனர்பெயர், கடவுச்சொல், பாதுகாப்புக் கேள்விகளின் விடை, சமர்ப்பித்த படிவம் அத்தனையின் நகல், எல்லாவற்றையும் கையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தர மறுக்கும் ஏஜெண்ட் பெரும்பாலும் உங்கள் பிரதிநிதியாகவே பதிவாகியிருக்க மாட்டார். கனடா குடிவரவுச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பதாரருக்காக நிற்க கனடா மாகாண வழக்கறிஞர் சங்கங்களில் உறுப்பினரான வழக்கறிஞர்கள், பாராலீகல்கள், கியூபெக் நோட்டரிகள், குடிவரவு ஆலோசகர்களின் கல்லூரியில் உரிமம் பெற்றவர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரிமை உண்டு. அப்படி ஒருவர் இருந்தால் ஃபைலில் 5476 என்ற எண்ணுள்ள பிரதிநிதிப் படிவம் இருக்கும். அது இல்லையென்றால், காகிதத்தைப் பொறுத்தவரை மொத்த விண்ணப்பத்தையும் நீங்களே தனியாக நிரப்பினீர்கள் என்றுதான் பொருள். கணக்கு கைவசம் இல்லாதவர்கள் கனடா குடிவரவுத் துறையான ஐ.ஆர்.சி.சி.யின் இணையப் படிவம் வழியாக பாஸ்போர்ட் நகலும் விண்ணப்ப எண்ணும் கொடுத்து, தொடர்பு ஈமெயிலை மாற்றக் கேட்கலாம். கடிதம் வந்த பிறகு அல்ல, இன்றே செய்ய வேண்டிய வேலை அது.

கடிதத்தில் வழக்கமாக அதே சட்டத்தின் இரண்டு பிரிவுகள் குறிப்பிடப்பட்டிருக்கும். 16(1), கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பது. 40(1)(ஏ), ஒரு முக்கியமான உண்மையை நேரடியாகவோ மறைமுகமாகவோ திரித்துச் சொன்னாலும், சொல்லாமல் மறைத்தாலும், அது சட்ட நிர்வாகத்தில் தவறு நேரக் காரணமானாலோ காரணமாகக் கூடுமென்றாலோ நுழையத் தகுதியில்லை என்பது. இந்த இரண்டாவது பிரிவை நிறுத்திப் படிக்க வேண்டும். 'காரணமாகக் கூடும்' என்பது போதும். "அதிகாரிதான் கண்டுபிடித்துவிட்டாரே, யாரும் ஏமாறவில்லையே" என்ற வாதம் அதனால் நிற்காது. 'மறைமுகமாக' என்று இருப்பதால், நீங்கள் சொல்லாத பொய்யை உங்களுக்காக ஏஜெண்டோ, கணவரோ, தகப்பனாரோ சொல்லியிருந்தாலும் உங்கள் தலையில்தான் விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டுமென்றே செய்தீர்களா என்பதைப் பொதுவாக இந்தப் பிரிவு கேட்பதே இல்லை.

மற்ற நாடுகளோடு கனடா வேறுபடுவது இந்த இடத்தில்தான். அமெரிக்கச் சட்டம் தெரிந்தே சொன்ன பொய்யைத்தான் பிடிக்கும். பிடித்தால் ஆயுளுக்கும் தடை, விலக்கு கேட்கலாம், கிடைப்பது கடினம். பிரிட்டனில் ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வி வரும், நிரூபணமானால் தடை 10 ஆண்டு வரை போகும். ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டு, அடையாளம் தொடர்பான பொய்யென்றால் 10 ஆண்டு. கனடாவில் 5 ஆண்டு. 2014 நவம்பர் 21க்கு முன்பு அது 2 ஆண்டாக இருந்தது. ஆகவே இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க, பிரிட்டன் பதில் மாதிரிகளை எடுத்து "எனக்கு ஏமாற்றும் நோக்கம் இல்லை" என்று மூன்று பக்கம் எழுதி அனுப்பினால், கனடா அதிகாரி கேட்காத கேள்விக்குப் பதில் எழுதியதாகிவிடும்.

இந்தக் கரையின் ஃபைல்களில் அடிக்கடி சறுக்கும் கேள்வி ஒன்று உண்டு. "கனடா அல்லது வேறு எந்த நாட்டிலாவது உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா, நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, வெளியேறும்படி உத்தரவிடப்பட்டதா?" ஒரே வரியில் மூன்று கேள்விகள். நம் ஆட்கள் முதல் கேள்வியை மட்டும் படித்து 'இல்லை' என்று போட்டுவிடுகிறார்கள்.

கடல் கடந்து பிழைக்கப் போகும் சபுராளிகள் வீடுகளில் மலேசியா போய் வராத ஆள் குறைவு. கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கி, கையில் பணம் குறைவு, தங்குமிடம் சரியில்லை, முன்பு அதிக நாள் தங்கியிருக்கிறார் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக 'நாட் டு லேண்ட்' என்று எழுதி அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். விசா ரிஜெக்ட் ஆகவில்லையே என்று அவர்கள் 'இல்லை' போடுகிறார்கள். ஆனால் அதுதான் நுழைவு மறுப்பு. வளைகுடாவில் விசா முடிந்து தங்கி, பொது மன்னிப்புக் காலத்தில் அவுட்பாஸ் என்ற வெளியேறும் அனுமதி வாங்கி ஊர் திரும்பியவர்கள் இன்னொரு வகை. அமீரகத்தில் 2018இலும் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும் பொது மன்னிப்பு இருந்தது. மலேசியாவில் 2019 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அதே போன்ற திட்டம் ஓடியது. தானாக முன்வந்து மன்னிப்பில் வெளியேறியது 'வெளியேற உத்தரவு' ஆகுமா என்று வாதிட இடமுண்டு. என் கருத்தில் அந்த வாதத்தைப் படிவத்தின் கட்டத்துக்குள் நடத்தக் கூடாது. 'ஆம்' என்று போட்டு, விளக்கப் பெட்டியில் இரண்டு வரி எழுதி, தனிக் கடிதத்தில் முழு விவரம் கொடுத்துவிட வேண்டும். சொன்ன விஷயத்துக்காக விசா மறுக்கப்படலாம், அடுத்த மாதமே மறுபடி போடலாம். சொல்லாத விஷயத்துக்கு ஐந்து ஆண்டு.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் 221(ஜி) என்று, விசாவை நிறுத்திவைத்துத் தரும் வண்ணத்தாள் வாங்கியவர்களுக்கும் இதே ஆலோசனைதான். பிறகு விசா கிடைத்திருந்தாலும் அந்தத் தாள் ஒரு மறுப்புதான். கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் கைரேகை வழியாகத் தகவல் பரிமாறிக்கொள்கின்றன. அங்கே மறுக்கப்பட்டது இங்கே தெரியாது என்று சொல்லும் ஏஜெண்டை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

மீனவக் குடும்பங்களுக்கு வேறொரு கேள்வி. "எந்த நாட்டிலாவது குற்றம் செய்ததுண்டா, கைது செய்யப்பட்டதுண்டா, குற்றஞ்சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா?" ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஊர்களில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டவர் இல்லாத தெரு அரிது. ஊர்க்காரர்களுக்கு அது குற்றமாகவே தோன்றாது. தோன்றாததில் நியாயமும் உண்டு. பிழைப்புக்குக் கடலுக்குப் போனவனைப் பிடித்துப் போனார்கள், அவ்வளவுதான். ஆனால் படிவம் கேட்பது கைதையும் தண்டனையையும். மன்னாரிலோ ஊர்காவற்றுறையிலோ நீதிமன்றத்தில் நிறுத்தி, சிறைத் தண்டனையை ஒத்திவைத்து விடுதலை செய்து, கொழும்பு வழியாகச் சென்னைக்கு அனுப்பியிருந்தால் அது தண்டனைத் தீர்ப்புதான். சிறையில் ஒரு நாள்கூட இருக்கவில்லை என்றாலும் 'ஆம்' என்றுதான் போட வேண்டும்.

'ஆம்' என்று போடுவதால் தானாக விசா போய்விடாது. வெளிநாட்டில் நடந்த குற்றம் கனடாச் சட்டப்படி எந்தக் குற்றத்துக்குச் சமம் என்று பார்ப்பது 36ஆம் பிரிவின் கீழ் நடக்கும் தனி விசாரணை. அந்த விசாரணையில் வழக்கறிஞர் பேச நிறைய இடமுண்டு: எந்தச் சட்டப்பிரிவு, படகை ஓட்டியவரா கூலிக்குப் போனவரா, எல்லை தாண்டியது தெரிந்தா காற்றிலும் நீரோட்டத்திலுமா. மறைத்துவிட்டால் இந்த எதையும் பேச முடியாது, பேச்சு முழுக்க மறைப்பைப் பற்றியே இருக்கும். இலங்கை வடமாகாண நீதிமன்றத்தின் தீர்ப்பு நகல், ஊர் திரும்பியபோது இந்தியத் தூதரகம் கொடுத்த அவசரச் சான்று, மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் உள்ள பதிவு ஆகியவற்றைத் தேடி எடுக்க வேண்டும். தீர்ப்பு நகல் வாங்க அங்குள்ள வழக்கறிஞர் மூலம் விண்ணப்பித்தால்தான் நடக்கும், வாரக்கணக்கில் ஆகும். வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர் விடுதலையாகி வந்த கையோடு அந்த நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: கேள்வி விண்ணப்பதாரரைப் பற்றியது. தகப்பனார் பிடிபட்டதை மாணவராகப் போகும் மகன் தன் பதிலில் எழுதத் தேவையில்லை.

மீனவர் போராட்டத்தில் ரயில் மறியல், சாலை மறியல் செய்ததற்காக உள்ளூர்க் காவல்நிலையத்தில் பெயர் சேர்க்கப்பட்டவர்களும் இந்தக் கேள்வியின் முன் நிற்க வேண்டும். மண்டபத்தில் மாலை வரை வைத்திருந்து அனுப்பியதுதானே என்று எண்ணாமல், முதல் தகவல் அறிக்கையில் தன் பெயர் இருக்கிறதா, குற்றப்பத்திரிகை தாக்கலானதா, வழக்கு எப்படி முடிந்தது என்று நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுப் பார்த்துவிட வேண்டும். மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் தரும் காவல்துறைச் சான்று தெளிவாக வந்துவிட்டது என்பது இந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

நிக்காஹ் விஷயம் இதைவிட நுட்பமானது. நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும்போது பையன் தனியாள். விசா வருவதற்குள் வீட்டில் பெண் பார்த்து, ஜமாஅத் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிக்காஹ் முடிந்துவிடும். சப்-ரிஜிஸ்திரார் அலுவலகத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்வது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். பதிவாகாத திருமணம் கணக்கில் வராது என்ற நினைப்பு இங்கே ஆழமாக இருக்கிறது. மார்க்க முறைப்படி செல்லும் திருமணம் கனடா அதிகாரிக்கும் திருமணம்தான். விமான நிலையத்தில் இறங்கும்போது திருமண நிலையில் மாற்றம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லி நுழைந்தால் இரண்டு முடிச்சுகள் விழும். ஒன்று 40ஆம் பிரிவு. மற்றது விதிமுறைகளின் 117(9)(டி): அன்று அறிவித்துப் பரிசோதனைக்கு உட்படுத்தாத மனைவியைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பான்சர் செய்ய முடியாது. இந்த இரண்டாவது முடிச்சைச் சிலருக்குத் தளர்த்த 2019 செப்டம்பரில் ஒரு பொதுக் கொள்கை வந்தது. ஆனால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் தன் விசாவே கிடைத்திருக்காது என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அது உதவாது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்தில் கோயில் பதிவேட்டோடு நின்றுவிட்ட கிறிஸ்தவத் திருமணங்களுக்கும் சங்கதி இதேதான். நிக்காஹ் நடந்த வாரமே இணையப் படிவத்தில் தெரிவித்துவிட்டால், பெரும்பாலும் ஃபைல் சில மாதம் தாமதமாவதோடு முடிந்துவிடும்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், அவ்வளவு பயப்படத் தேவையில்லை. முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பதும், இனிஷியலை விரித்ததில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதும் பொய்த்தகவல் இல்லை. ஒரே நபர் என்ற பிரமாணப் பத்திரமும் பள்ளிச் சான்றும் போதும். பயப்பட வேண்டியது பிறந்த தேதிக்குத்தான். வளைகுடா வேலைக்காக வயதைக் கூட்டி எடுத்த பழைய பாஸ்போர்ட் ஒன்று, திருத்திய புது பாஸ்போர்ட் ஒன்று என்று இருந்தால் பழையதை மறைக்கவே கூடாது. பாஸ்போர்ட்டுக்காகப் பொய் விவரம் கொடுப்பது இந்தியப் பாஸ்போர்ட் சட்டத்தின் 12ஆம் பிரிவில் குற்றமும் ஆகும் என்பதால், எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் இங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடமும் பேசிவிட வேண்டும்.

பணக் கணக்கில் வரும் குற்றச்சாட்டுகள் தனி ரகம். மாணவர் விசாவுக்கு, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, ஒரு ஆளுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள அளவு. 2023 முடியும் வரை அது 10,000ஆக இருந்தது. இந்த உயர்வுக்குப் பிறகு வட்டிக்கு வாங்கிக் கணக்கில் போட்டு, ஸ்டேட்மெண்ட் எடுத்ததும் திருப்பிக் கொடுக்கும் 'ஃபண்டு காட்டுகிற' வியாபாரம் பெருகியிருக்கிறது. அதிகாரி வங்கிக் கிளைக்கு நேராக எழுதிக் கேட்பார். ஸ்டேட்மெண்டின் பி.டி.எஃப்.பைத் திருத்தியிருந்தால் ஒரே ஈமெயிலில் விஷயம் முடிந்தது. மீன் கமிஷன் கடை, கருவாடு, படகு என்று ரொக்கத்தில் புழங்கும் குடும்பங்களுக்கு உண்மையான பணத்தையே நிரூபிப்பது சிரமம் என்பது உண்மைதான். அவர்கள் ஏலக்கடை நோட்டு, நகைக்கடன் ரசீது, படகு விற்ற ஒப்பந்தம் ஆகியவற்றை வைத்து, பணம் எந்தத் தேதியில் எங்கிருந்து கணக்குக்கு வந்தது என்று வரிசையாகக் காட்ட வேண்டும். கல்வி உதவித்தொகைக்காக ஆண்டுக்கு 72 ஆயிரம் என்று வாங்கிய வருமானச் சான்றையும் 12 லட்சம் என்று காட்டும் வருமான வரிக் கணக்கையும் ஒரே ஃபைலில் இணைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. இரண்டில் ஒன்று பொய் என்று அதிகாரி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் போலியாக இருந்த விவகாரம் 2023இல் பெரிதாக வெடித்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியே உறுதி செய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டதால் அந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. வேலை அனுபவச் சான்றில்தான் இன்னும் நிறைய ஃபைல் மாட்டுகிறது. அதிகாரி கம்பெனிக்குப் போன் செய்கிறார், எடுத்தவருக்கு உங்களைத் தெரியவில்லை. உண்மையிலேயே வேலை பார்த்தவராக இருந்தால் பி.எஃப். பாஸ்புக், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு, சவூதி என்றால் இகாமா என்ற குடியிருப்பு அட்டையும் கோசி என்ற சமூகக் காப்பீட்டுப் பதிவும், அமீரகம் என்றால் லேபர் கார்டும் பழைய பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளும் உங்கள் பக்கம் பேசும்.

இனி பதிலுக்கு வருவோம். இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கடிதம் வந்ததும் முதலில் செய்ய வேண்டியது பதில் எழுதுவது அல்ல. சமர்ப்பிக்கப்பட்ட ஃபைலில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் பார்ப்பது. ஏஜெண்ட் நிரப்பிய படிவத்தைப் பார்க்காமலே "நான் சரியாகத்தான் சொன்னேன்" என்று எழுதி, பிறகு படிவத்தில் வேறு மாதிரி இருப்பது தெரிந்தால் இரண்டாவது பொய்யும் சேர்ந்துவிடும். ஐ.ஆர்.சி.சி. வைத்திருக்கும் குறிப்புகளையும் கேட்டு வாங்கலாம். 2022 ஜூலை 13 முதல் கனடாவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரும் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கட்டணமில்லாமல் கேட்கலாம். அதற்குச் சட்டம் தரும் கெடு 30 நாள் என்பதால், கேட்ட கையோடு பதிலுக்குக் கூடுதல் அவகாசமும் எழுத்தில் கேட்க வேண்டும். இன்ன ஆவணம் இன்ன இடத்திலிருந்து வர இத்தனை நாளாகும் என்று சொல்லி, கேட்டதற்கான ரசீதையும் இணைத்துக் கேளுங்கள். அவகாசம் கிடைத்ததாகப் பதில் வராவிட்டால் பழைய கெடுவுக்குள் கையில் இருப்பதை அனுப்பிவிட வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கெடுவைத் தாண்ட விட்டவர்களுக்குப் பிறகு பேச இடமில்லை. விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கினால் தப்பிக்கலாம் என்பதையும் நம்பாதீர்கள். குற்றச்சாட்டு எழுந்த பிறகு வாபஸ் அதை நிறுத்திவிடாது.

பிறகு குற்றச்சாட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சொன்னது உண்மையில் பொய்தானா? பொய் என்றால் அது முடிவைப் பாதிக்கக்கூடிய விஷயமா? பாதிக்கும் என்றால், தெரிந்துகொள்ளவே வழியில்லாத நேர்மையான தவறா? இந்த வரிசையில்தான் யோசிக்க வேண்டும். முதல் கேள்வியிலேயே ஜெயிக்கக்கூடிய ஃபைலில் போய் மன்னிப்புக் கேட்டு எழுதியிருப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும். வங்கிக் கிளையில் புதிதாக வந்த ஊழியர் தவறாகப் பதில் எழுதியதால் உண்மையான ஸ்டேட்மெண்ட் போலி என்று ஆகிவிடுவதும் நடக்கிறது. அங்கே தேவை மன்னிப்பு அல்ல. கணக்கு எண், தேதி வரம்பு, மேலாளர் பெயர், கிளைத் தொலைபேசி, வங்கியின் சொந்த ஈமெயில் முகவரி எல்லாம் உள்ள ஒரு லெட்டர்ஹெட் கடிதம்.

நேர்மையான தவறு என்ற விலக்கு மிகக் குறுகலானது. அதற்கு வேரான, மெடெல் என்ற பெண்ணின் வழக்கு கனடாவில் 1990இல் தீர்ப்பானது. கணவர் ஸ்பான்சரைத் திரும்பப் பெற்றுவிட்டார். தூதரகம் அதைச் சொல்லாமல், விசாவில் ஒரு பிழை இருக்கிறது, திருப்பி அனுப்புங்கள் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் கேட்டது. ஆங்கிலம் தெரிந்த உறவினர்களிடம் காட்டினார், பிழை எதுவும் இல்லை என்றார்கள், அதை வைத்தே கனடா போனார். எதையோ மறைக்கிறோம் என்று அவருக்குத் தெரியவும் இல்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை என்று நீதிமன்றம் ஏற்றது. இதோடு ஒப்பிட்டால் "ஏஜெண்ட் நிரப்பினார், நான் பார்க்கவில்லை" என்பது எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று தெரியும். கையெழுத்துப் போட்டவர் படித்திருக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. நேர்மையாக நம்பியது மட்டும் போதாது, அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்க வேண்டும்.

ஆனாலும் ஏஜெண்ட் பற்றி எழுதத்தான் வேண்டும், எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். "ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டார், எனக்கு ஒன்றும் தெரியாது, மன்னித்து விசா தர வேண்டும்" என்ற வாக்கியத்தை அதிகாரி தினமும் படிக்கிறார். அதே விஷயத்தை இப்படி எழுதலாம்:

"2019 ஆகஸ்டில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் எனக்கு நுழைவு மறுக்கப்பட்டது. அன்று தந்த அறிவிப்பின் நகல் இணைப்பு 3. இதை 2024 பிப்ரவரியில் ஏஜெண்டிடம் குரல்பதிவில் சொன்னேன். எழுத்து வடிவமும் மொழிபெயர்ப்பும் இணைப்பு 4. விசா மறுக்கப்படாததால் எழுத வேண்டாம் என்று அவர் பதில் அனுப்பினார், இணைப்பு 5. கையெழுத்துப் பக்கம் மட்டும் எனக்கு வந்தது. முழுப் படிவத்தை நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேள்விக்கான சரியான பதில் 'ஆம்'."

கடைசி இரண்டு வாக்கியங்களை எழுதப் பலருக்கு மனம் வராது. முழுப் படிவத்தைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வது விலக்கு வாதத்தைப் பலவீனப்படுத்தும் என்பதும் உண்மை. ஆனால் அதை மறைத்தால் இணைப்புகளின் மதிப்பும் போய்விடும். ஒப்புக்கொண்டவரின் சொல்லைத்தான் அதிகாரி மற்ற விஷயங்களில் நம்புவார்.

பதில் கடிதம் நாலைந்து பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. அதிகாரி எழுப்பிய ஒவ்வொரு சந்தேகத்தையும் அவர் சொற்களிலேயே தலைப்பாகப் போட்டு, அதன் கீழ் உண்மை, ஆவணம், சட்டம் என்று எழுதுங்கள். கூடவே நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் ஒன்று. தமிழ் ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். மச்சான் ஆங்கில வாத்தியார் என்பதற்காக அவரை விட்டு மொழிபெயர்க்கக் கூடாது, உறவினர் செய்தது செல்லாது. மேலேற்ற ஒரே ஒரு இடம்தான் இருக்கும், அளவு வரம்பு பெரும்பாலும் 4 எம்.பி. என்பதால் எல்லாவற்றையும் பக்க எண் போட்டு ஒரே பி.டி.எஃப்.பாக்கி, கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். முடிவில், முதல் வாதம் ஏற்கப்படாவிட்டால் தற்காலிகக் குடியிருப்பு அனுமதியோ மனிதாபிமான அடிப்படையோ பரிசீலிக்கும்படி தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்காத சலுகையை அதிகாரி தானாக எடுத்துப் பேச மாட்டார்.

ஏஜெண்ட் மேல் உண்மையிலேயே புகார் இருந்தால் ராமநாதபுரம் மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுத்து, புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை இணைக்கலாம். ஏமாற்றுதலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், போலி ஆவணம் தயாரித்தல், பயன்படுத்துதல் ஆகியவற்றுக்கு 336, 340ஆம் பிரிவுகளும் இருக்கின்றன. போலி என்று தெரிந்தே ஆவணம் வாங்கியவர் இந்தப் புகாரைக் கொடுக்கப் போனால் தானும் அதே பிரிவுகளில் மாட்டுவார். இதைவிட மோசமான யோசனை ஒன்றை ஏஜெண்டே கொடுப்பார்: சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு சான்று 'ரெடி பண்ணி' அனுப்பலாம் என்று. அதைச் செய்தவர்களுக்கு எந்த வழக்கறிஞராலும் உதவ முடியாமல் போகிறது.

தடை வந்துவிட்டால் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கேட்கலாம். கனடாவுக்கு வெளியே எடுத்த முடிவுக்கு 60 நாள், உள்ளே எடுத்த முடிவுக்கு 15 நாள். தாக்கல் கட்டணம் 50 டாலர், வழக்கறிஞர் செலவு வேறு. முதலில் அனுமதி கிடைக்க வேண்டும், பிறகுதான் விசாரணை. நீதிமன்றம் விசா கொடுக்காது. அதிகாரி சட்டப்படி, நியாயமாக முடிவெடுத்தாரா என்று பார்க்கும், இல்லையென்றால் வேறொரு அதிகாரிக்குத் திருப்பி அனுப்பும். அப்படிப் பார்க்கும்போது பொதுவாக அதிகாரி முன் இருந்த காகிதங்களை மட்டும்தான் பார்க்கும். பதில் கடிதத்தோடு போகாத தீர்ப்பு நகலும் வங்கிக் கடிதமும் அங்கே புதிதாக நுழைய முடியாது. பத்துப் பதினைந்து நாளில் ஓடி அலைந்து ஆவணம் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். அதிகாரி எந்த ஆவணத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டார் என்று காட்ட, அந்த ஆவணம் முதலில் ஃபைலில் இருந்தாக வேண்டும். உரிமம் பெற்ற முந்தைய பிரதிநிதியின் தவறைக் காரணமாகச் சொல்வதென்றால் அவருக்கு முன்கூட்டி அறிவிப்பு கொடுக்கும் நடைமுறையும் உண்டு.

கனடாவுக்குள்ளேயே இருப்பவர்களின் பாதை வேறு. 44ஆம் பிரிவில் அறிக்கை, குடிவரவுப் பிரிவின் முன் விசாரணை, வெளியேற்ற உத்தரவு. நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம், அங்கே பிள்ளைகள், வேலை, வருந்துகிறாரா என்பதெல்லாம் கணக்கில் வரும். மாணவருக்கும் வேலை அனுமதியில் இருப்பவருக்கும் அந்த மேல்முறையீடு கிடையாது. குடியுரிமை வாங்கிய பிறகும், பொய்யின் பேரில் வாங்கியது தெரியவந்தால் குடியுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் பறிக்க முடியும்.

ஐந்து ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது என்பதிலும் பிழை செய்கிறார்கள். வெளிநாட்டில் எடுத்த முடிவென்றால் முடிவு உறுதியான நாளிலிருந்து. கனடாவுக்குள் என்றால் வெளியேற்ற உத்தரவு நிறைவேறிய நாளிலிருந்து. உத்தரவு வாங்கிக்கொண்டு அங்கேயே மூன்று ஆண்டு தங்கினால் அந்த மூன்றும் கழியாது. இந்தக் காலத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. டொராண்டோவில் இருக்கும் வாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்பது போன்ற அவசரத்துக்குத் தற்காலிகக் குடியிருப்பு அனுமதி ஒன்றுதான் வழி, அதற்கு மருத்துவமனைக் கடிதமும் திரும்பி வருவதற்கான ஆதாரமும் வலுவாக இருக்க வேண்டும். தடைக்காலம் முடிந்து புதிதாக விண்ணப்பிக்கும்போது பழைய மறுப்பையும், தடை வந்த காரணத்தையும், அப்போது கொடுத்த பதிலின் நகலையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அதே கேள்வி அங்கேயும் இருக்கும், கனடாவே மறுத்ததற்கும் 'ஆம்' என்றுதான் பதில்.